கடலில் இணையவழி அழைப்பு: டேட்டாச் செலவும் அந்தரங்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கரைகளிலிருந்து நாள் தொழிலுக்குப் போகும் கண்ணாடி நாரிழைப் படகுகளிலும், மயிலிட்டித் துறைமுகத்தைப் பயன்படுத்தும் பலநாள் கலங்களிலும், குறிகட்டுவானுக்கும் தீவுகளுக்கும் இடையே ஓடும் பயணிகள் படகுகளிலும் இருந்துகொண்டு வட்ஸ்அப், வைபர், இமோ போன்ற செயலிகளில் கதைப்பவர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் பிள்ளை அழைக்கும் நேரத்தில் தகப்பன் கடலில் நிற்பது இங்கே வழமையான காரியம். அந்த அழைப்பு எவ்வளவு டேட்டாவைத் தின்னும், யார் யாருக்கு என்னென்ன தெரியவரும் என்ற இரண்டுமே மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன.

ஒரு மணித்தியாலம் கதைத்தால் எவ்வளவு டேட்டா செலவாகும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. குரலை இலக்கங்களாக மாற்றிச் சுருக்கும் முறைகளில் இன்று பரவலாகப் பயன்படுவது 2012 இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட ஓபஸ் ஆகும். அது விநாடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை இயங்கவல்லது என்றாலும், தெளிவான பேச்சுக்கு 16 முதல் 24 கிலோபிட் வரை போதும். ஆனால் குரல் மட்டும் தனியே பயணம் செய்வதில்லை. பேச்சு பொதுவாக 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, விநாடிக்கு 50 பொதிகளாக அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் முகவரி முதலிய விபரங்கள் ஏறத்தாழ 40 பைட் அளவுக்கு ஒட்டப்படுவதால், விநாடிக்கு மேலும் 16 கிலோபிட் சேர்ந்துவிடுகிறது.

எனவே 24 கிலோபிட் குரலுக்கு ஒரு திசையில் 40, இரு திசையும் சேர்த்து 80 கிலோபிட் என்று கொண்டால், எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால் நிமிடத்துக்கு 600 கிலோபைட்டும் மணித்தியாலத்துக்கு 36 மெகாபைட்டும் செலவாகும். பழைய தொலைபேசி நிலையங்களின் தரமான 64 கிலோபிட் முறையைப் பயன்படுத்தும் அலுவலக இணையத் தொலைபேசி என்றால் இது இரட்டிப்பாகி 72 மெகாபைட் ஆகும். காணொளி அழைப்போ வேறு கணக்கு. ஒரு திசைக்கு 500 கிலோபிட் என்று குறைத்து மதிப்பிட்டாலும் மணித்தியாலத்துக்கு 450 மெகாபைட் போய்விடும். ஒரு காணொளி அழைப்பின் டேட்டாவில் பன்னிரண்டு குரல் அழைப்புகள் அடங்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் இலகுவாகும்.

டேட்டா மீதமிருந்தும் குரல் ஏன் துண்டு துண்டாக வருகிறது?

இணைப்பின் வேகத்தைக் காட்டிலும் அதன் நிதானமே குரலுக்கு முக்கியம். படமொன்றை இறக்கும்போது வழியில் தொலைந்த பொதியை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; சில விநாடி தாமதம் எவருக்கும் தெரியாது. பேச்சில் அப்படிச் செய்ய இயலாது, ஏனெனில் பிந்தி வரும் சொல்லுக்குப் பயனில்லை. செயலி அதை எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்றும், 400 மில்லிவிநாடியைத் தாண்டக்கூடாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது.

கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரையிலுள்ள கோபுரம் பல பத்து வாற்று வலுவில் ஒலிபரப்புகையில், உங்கள் கைபேசியால் கூடியது ஏறத்தாழ 0.2 வாற்று வலுவிலேயே திருப்பி அனுப்ப முடியும். ஆகவேதான் அவர்கள் சொல்வது உங்களுக்குத் தெளிவாகக் கேட்க, நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்பதில்லை. திரையில் தெரியும் கோடுகள் கோபுரம் உங்களுக்குக் கேட்கும் அளவைக் காட்டுகின்றனவேயன்றி, நீங்கள் கோபுரத்துக்குக் கேட்கும் அளவை அல்ல. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று மூன்று தரம் கத்துவதால் பயனில்லை. எழுந்து நின்று, உடம்பாலும் இயந்திரத்தாலும் மறைக்காமல், கரைப்பக்கமாகத் திரும்பிப் பிடிப்பது பயன் தரும்.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை கதைக்கலாம்?

பூமியின் வளைவு முதல் எல்லையை இடுகிறது. கோபுரத்தின் உயரத்தையும் கைபேசியின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் வானொலி அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். 50 மீற்றர்க் கோபுரத்துக்கும் கடல்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் பிடித்த கைபேசிக்கும் இது ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஆகும். குடாநாட்டில் மலை கிடையாது. அதனால் கோபுரத்தைக் குன்றின்மேல் ஏற்றி இந்தத் தூரத்தைக் கூட்டவும் வழியில்லை.

நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவே. கோபுரத்திலுள்ள அன்ரெனாக்கள் ஊர்மனைகளுக்காகக் கீழ்நோக்கிச் சரிக்கப்பட்டிருக்கும். கடலுக்குப் போவது மிச்சம்தான். இதற்கு மாறாக, வெக்கையான அமைதி நாட்களில் கடலை ஒட்டிய ஈரக்காற்றுப் படை அலைகளை வளைத்து அடிவானத்துக்கு அப்பாலும் கொண்டுபோவதுண்டு. அத்தகைய நாளில் கிடைத்த தூரத்தை நம்பி அடுத்த நாளும் போகக்கூடாது.

டேட்டாவைக் குறைக்க எந்த அமைப்புகளை மாற்ற வேண்டும்?

வட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகம், தரவு தொடர்பான பகுதிக்குப் போனால் அழைப்புகளுக்குக் குறைந்த தரவைப் பயன்படுத்தும் தெரிவு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். ஆனால் அழைப்பை உண்மையில் கெடுப்பவை அழைப்புக்கு வெளியே உள்ளவை. ஊர்ச் சங்கக் குழுவில் யாரோ போட்ட திருவிழாக் காணொளி தானாக இறங்கும். படங்கள் மேகச் சேமிப்புக்கு ஏறும். செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். பலவீனமான இணைப்பில் இவை முன்னே நின்று வரிசையை அடைத்துவிட, உங்கள் குரற்பொதிகள் பின்னால் காத்திருக்கும். குறிப்பாகப் படங்கள் மேலேறுவது, ஏற்கெனவே நலிந்திருக்கும் அனுப்பும் திசையையே பிடித்துக்கொள்கிறது.

ஆகவே கரையிலேயே தானியங்கிப் பதிவிறக்கத்தையும் படக் காப்புப்பிரதியையும் நிறுத்தி, கைபேசியின் தரவுச் சேமிப்பானை இயக்கிவிட்டு ஏறுங்கள். ஒருவரது கைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு நால்வர் பகிர்ந்தால், மற்ற மூவரின் கைபேசிகளும் அதை வீட்டு வைபை என்று எண்ணி இந்த வேலைகளையெல்லாம் தொடங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

காணொளியில் முகம் காட்டினால் என்ன?

துறைக்குள் நிற்கும்போது காட்டுங்கள். வெளிக்கடலில் வேண்டாம், டேட்டாவும் மின்கலமும் ஒன்றாகத் தீரும். சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் குரற்செய்தி அனுப்புவது அழைப்பைவிட நம்பகமானது. ஒரு நிமிடக் குரற்செய்தி சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும், இணைப்பு கிடைக்கும் கணத்தில் தானாகப் போய்ச் சேரும், உடையாமலும் கேட்கும்.

சமூக ஊடக டேட்டாப் பொதி போட்டிருந்தும் அழைப்பின்போது வேறு டேட்டா கழிவது ஏன்?

முதலில் பொதியின் நிபந்தனைகளைப் பாருங்கள். செய்திகளை உள்ளடக்கி அழைப்புகளை விலக்கும் பொதிகள் உண்டு. அதற்கு மேல் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கலாம். செயலியின் போக்குவரத்து பிறர் வாசிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டிருப்பதால், தொலைபேசி நிறுவனம் அது எந்தச் சேவையகத்துக்குப் போகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் வகைப்படுத்துகிறது. ஆனால் இருவருக்கு இடையிலான அழைப்பு பல வேளைகளில் சேவையகத்தைத் தொடாமல் நேரே மற்றவரின் கைபேசிக்குப் போகும். அப்படிப் போவதைச் சாதாரண டேட்டாவாகக் கணக்கிட இடமுண்டு.

இத்தகைய செயலிகள் வேறு ஆட்களின் அழைப்பையும் என் டேட்டாவில் கொண்டுபோகின்றனவா?

இந்த அச்சம் ஸ்கைப் காலத்துக்குரியது. அக்காலத்தில் அது நியாயமான அச்சமுமாகும். 2003 இல் தொடங்கிய ஸ்கைப், பெரிய சேவையகங்களை வைத்துக்கொள்ளாமல், நல்ல இணைப்புள்ள பாவனையாளர்களின் கணினிகளையே இடைநிலை முனைகளாக மாற்றி, முன்பின் தெரியாதவர்களின் தொடர்புகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தியது. செய்மதி இணைப்புக்கு மெகாபைட் கணக்கில் காசு கட்டிய படகுக்காரர், தாம் கதைக்காதபோதும் டேட்டா கழிவதைக் கண்டு முறையிட்டதில் வியப்பில்லை. 2011 இல் மைக்ரோசொப்ட் அந்நிறுவனத்தை வாங்கியபின் அந்த முனைகள் நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 மே 5 அன்று ஸ்கைப்பே மூடப்பட்டது.

இன்றைய வட்ஸ்அப், சிக்னல் (Signal), வைபர் ஆகிய செயலிகளில் உங்கள் கைபேசி சுமப்பது உங்கள் அழைப்பை மட்டுமே. ஆனால் அந்தப் பழைய தந்திரம் வேறு வேடத்தில் உயிருடன் இருக்கிறது. இணைப்பை வேறொரு சேவையகம் வழியே திருப்பிவிடும் விபிஎன் செயலிகளில், இலவசம் என்று வரும் சில பாவனையாளரின் இணைப்பைப் பிறருக்கு வாடகைக்கு விடுகின்றன. அழைப்பில்லாத வேளையிலும் டேட்டா கழிந்தால், அமைப்புகளில் செயலிவாரியான டேட்டாச் செலவைத் திறந்து பாருங்கள். குற்றவாளி அங்கேயே அகப்படுவார்.

நான் கதைப்பதை யாரேனும் ஒட்டுக்கேட்க முடியுமா?

முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலியில், உங்கள் கைபேசியில் பூட்டப்படும் குரல் எதிர்ப்பக்கத்தவரின் கைபேசியில் மட்டுமே திறக்கப்படும். இடையிலுள்ள கோபுரமோ, தொலைபேசி நிறுவனமோ, செயலியை நடத்தும் நிறுவனமோ அதைத் திறக்க இயலாது. வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து இது எல்லா அழைப்புகளுக்கும் தானாகவே உண்டு. வைபரும் அதே ஆண்டில் இதற்கு மாறியது. சிக்னல் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். டெலிகிராமில் செய்திகள் அவ்வாறு அல்லவென்றாலும் இருவருக்கு இடையிலான அழைப்புகள் இவ்வாறு காக்கப்படுகின்றன. முகநூல் மெசெஞ்சரில் 2023 டிசெம்பரில்தான் இது இயல்புநிலை ஆக்கப்பட்டது. சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள் திறந்த நிலையிலேயே கடக்கின்றன.

எனினும் பூட்டு வழிக்கு மட்டுமே உரியது, முனைகளுக்கு அல்ல. 2019 மேயில் வட்ஸ்அப் அழைப்பு முறையிலிருந்த ஓட்டை ஒன்று வெளிவந்தது. அழைப்பை எடுக்காமலே கைபேசிக்குள் உளவு மென்பொருளைப் புகுத்த அது இடமளித்தது. ஏறத்தாழ 1,400 கைபேசிகள் குறிவைக்கப்பட்டன. அவ்வாறு குறிவைக்கப்படுவோர் பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள் போன்றோரே. கடற்றொழிலாளர் அதை நினைத்து நித்திரை இழக்கத் தேவையில்லை. செயலியைப் புதுப்பித்து வைத்திருந்தால் போதும். படகில் உண்மையில் நடக்கும் ஒட்டுக்கேட்டல் மிக எளிமையானது: இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்காக ஸ்பீக்கரில் போடுகிறோம், கடன், கலியாணப் பேச்சு, காணி வழக்கு எல்லாவற்றையும் பக்கத்துப் படகும் கேட்கிறது. ஐந்நூறு ரூபாய்க் காதுக்கருவி எந்த மறையாக்கத்தையும்விட இதற்கு நல்ல மருந்து.

அழைப்பவருக்கு நான் நிற்கும் இடம் தெரியவருமா?

நேரடியாகத் தெரியாது, ஆனால் ஒரு தடயம் போகும். இரு கைபேசிகளும் நேரே இணையும்போது ஒன்றின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையும் இலக்கம், மற்றதுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் பொதியை எங்கே அனுப்புவது? தொழில்நுட்பம் தெரிந்த எதிர்ப்பக்கத்தவர் அந்த முகவரியை எடுத்துப் பார்க்கலாம். கைபேசி டேட்டாவில் இருந்தால் அதிலிருந்து பெரும்பாலும் நாடும் நிறுவனமுமே புலப்படும், ஏனெனில் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான பாவனையாளர்களுக்குப் பகிர்கின்றன. பாசையூரில் நிற்கிறீர்களா வல்வெட்டித்துறையில் நிற்கிறீர்களா என்பது அதில் வராது. விடுதியொன்றின் நிலைத்த இணைப்பில் இருந்தால் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம்.

இதையும் மறைக்க விரும்புவோருக்கு, வட்ஸ்அப் 2023 நவம்பரில் அழைப்புகளில் ஐபி முகவரியைக் காக்கும் தெரிவை அறிமுகப்படுத்தியது. தனியுரிமை அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் அது இருக்கிறது. சிக்னல் செயலியிலும் அழைப்புகளை எப்போதும் சேவையகம் வழியே அனுப்பும் தெரிவு உண்டு. இவற்றைப் போட்டால் குரல் நேர்வழி விட்டுச் சேவையகத்தைச் சுற்றிப் போகும், தாமதம் கூடும். கரையில் இது தெரியாது. சிக்னல் நலிந்த கடலில் தெரியும். அறியாத இலக்கங்களிலிருந்து அடிக்கடி அழைப்பு வருபவர்கள் போடட்டும். வீட்டாருடன் மட்டும் கதைப்பவருக்கு அவசியமென்று எமக்குத் தோன்றவில்லை.

மீன் படும் இடம் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

கடற்றொழிலாளருக்கு அந்தரங்கம் என்றால் முதலில் இதுதான். செயலிகளின் தனியுரிமைப் பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கலங்கள் ஒன்றோடொன்று கதைக்கும் விஎச்எப் வானொலியில் சொல்வது எல்லார் காதிலும் விழும் என்பது தெரிந்ததே. அதனால்தான் சாடைமாடையாகக் கதைக்கிறார்கள். தானியங்கி அடையாள முறைமைக் கருவி பூட்டிய கலமோ தன் பெயரையும் நிலையையும் வேகத்தையும் 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் மறையாக்கமின்றி ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அவை இணையத்திலும் ஏறும். மோதலைத் தவிர்ப்பதற்காக உள்ள கருவி என்பதால் அதை நிறுத்திவைப்பது நல்ல யோசனை அல்ல.

கைபேசியில் கசிவது வேறு வழிகளில். இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டுப் பிடித்த படத்துக்குள் அகலக்கோடும் நெடுங்கோடும் எழுதப்பட்டிருக்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரம் அகற்றப்படும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பெரிய பாரை பிடிபட்ட மகிழ்ச்சியில் மூலப் படத்தை ஆவணமாகக் குழுவில் போட்டவர், நாளை அந்த இடத்தில் பத்துப் படகுகளைக் கண்டால் கடலைக் குறைசொல்லக் கூடாது. கமராவுக்குரிய இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டால் இந்தக் கவலை தீரும். கூகிளின் பயண வரலாற்றுப் பதிவையும் வேண்டாமென்றால் நிறுத்தலாம்.

ஆனால் இருப்பிடத்தை முற்றாக மறைப்பது ஆபத்தானது. வட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்ற கால அளவுகளில் பகிரலாம். அதுவும் முனைக்கு முனை மறையாக்கப்பட்டதே. புறப்படும்போது வீட்டிலுள்ள ஒருவருக்கு மட்டும் 8 மணித்தியாலம் போட்டுவிட்டுப் போவதே எமது பரிந்துரை. சிக்னல் அற்றுப்போனாலும் கடைசியாகப் பதிவான புள்ளி அவரிடம் இருக்கும்; தேடுபவர்களுக்கு அதுவே தொடக்கம். தொழில் இரகசியத்தை மனைவியிடமிருந்தும் காக்க வேண்டியவர்களுக்கு இப்பக்கத்தில் விடை இல்லை.

மறையாக்கம் இருந்தும் செயலி நிறுவனத்துக்கு என்ன தெரியும்?

யார் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்பது தெரியும். உங்கள் முகவரிப் புத்தகத்தைப் பார்க்க அனுமதித்தால் அதிலுள்ள இலக்கங்களும் போகும். இங்கே உங்கள் தனிப்பட்ட முடிவு மற்றவர்களையும் பாதிக்கிறது: சம்மாட்டி, வியாபாரி, ஐஸ் தொழிற்சாலை, வெளிநாட்டு உறவுகள் என எவரும் தம் இலக்கத்தைக் கொடுக்கும்படி உங்களிடம் சொல்லவில்லை. புதிதாக எவரோ பரிந்துரைக்கும் இலவச அழைப்புச் செயலி முதல் கேள்வியாக முகவரிப் புத்தகம், இருப்பிடம், படங்கள் மூன்றையும் கேட்டால் ஒலிவாங்கியைத் தவிர மற்றவற்றை மறுத்துவிட்டுப் பாருங்கள். அதன்பின்னும் அழைப்பு வேலை செய்தால், மற்றவை அழைப்புக்குத் தேவைப்படவில்லை என்பது தெளிவு. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் கொடுத்த இலக்கத்தை எந்தச் சட்டமும் திரும்ப வாங்கித் தராது.

ஒரே கைபேசியைப் படகில் எல்லாரும் பாவிக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியுள்ளதோ அவரே அந்த இலக்கத்துக்குப் பொறுப்பாளியாகக் கருதப்படுவார். ஆகவே படகுக்கெனத் தனிச் சிம் இருப்பது நல்லது. வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை இடைக்கிடை பாருங்கள். ஒருவர் ஒரு நிமிடம் கைபேசியை வாங்கி இன்னொரு சாதனத்தை இணைத்துவிட்டால், உங்கள் உரையாடல்கள் அங்கேயும் தெரிந்துகொண்டிருக்கும். எந்த மறையாக்கமும் அதைத் தடுக்காது.

ஆபத்து நேரத்தில் இணைய அழைப்பை நம்பலாமா?

கூடாது. வட்ஸ்அப்பில் 119 போன்ற அவசர இலக்கங்களை அழைக்கவே முடியாது. டேட்டா இணைப்பு நின்றுபோன நலிந்த சிக்னலிலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் போய்ச் சேர வாய்ப்புண்டு; எனவே முதலில் அவற்றையே முயலுங்கள். கைபேசி எட்டாத கடலுக்குப் போகும் எந்தக் கலத்துக்கும் விஎச்எப் வானொலி வேண்டும். அவசர அழைப்புக்குரிய அலைவரிசை 16, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ். அதை எல்லாரும் கேட்கிறார்கள் என்பதே அங்கே அதன் பலம்.

அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கினால்?

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரலிலும் அவ்வாறு நடந்தது. ஒவ்வொரு முறையும் பலர் கைக்கு அகப்பட்ட விபிஎன்னைப் போட்டுக்கொண்டார்கள். விபிஎன் ஒவ்வொரு பொதிக்கும் மேலும் ஒரு தலைப்பை ஒட்டுவதால் டேட்டாவும் தாமதமும் கூடும். தவிர, தொலைபேசி நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் விபரத்தை விபிஎன் நடத்துபவரின் கையில் கொடுக்கிறது. கடலில் இருப்பவர் இதில் மினக்கெட வேண்டியதில்லை. வீட்டாரின் சாதாரண இலக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பொலித்தீன் பையில் வைத்திருங்கள்.

ஸ்டார்லிங்க் பூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?

செய்மதி வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 யூலையில் இலங்கையில் சேவை தொடங்கியது. அதன் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் சிறிது. மாறாக, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிலைநிற்கும் செய்மதி வழியே போய்த் திரும்ப அரை விநாடிக்கு மேல் ஆகும். இருவரும் ஒரே நேரத்தில் கதைத்து, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டார்லிங்கில் இந்தச் சிக்கல் இல்லாததால் தரம் நன்றாகவே இருக்கும். தடை மின்சாரம்தான். வழமையான தட்டுக்கு 75 முதல் 100 வாற்று வரை வேண்டும். 12 வோல்ற்றில் அது 6 முதல் 8 அம்பியர். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் பலவற்றில் மின்கலமே கிடையாது. பலநாள் கலங்களுக்குப் பொருந்தும். ஆனால் நகரும் கலத்தில் பாவிக்க உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்பதைக் காசு கட்டுமுன் கேளுங்கள்.

செய்மதிக் கருவிகளுக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. இந்தியாவில் துரையா, இரிடியம் செய்மதித் தொலைபேசிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். இயந்திரம் பழுதாகி எல்லை தாண்டி அள்ளுப்பட்டுப் போனவரிடம் அது இருந்தால் விளக்கம் சொல்வது கடினம். செய்மதித் தொலைபேசி என்றால் இரகசியமானது என்ற எண்ணமும் தவறு. துரையா போன்றவற்றில் பயன்படும் மறையாக்க முறையை ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் உடைத்துக் காட்டினார்கள். அதைவிடக் கையிலுள்ள வட்ஸ்அப் அழைப்பு பாதுகாப்பானது.

காங்கேசன்துறை–நாகபட்டினக் கப்பலிலும் வடகடலிலும் கைபேசி இந்திய வலையமைப்புக்கு மாறினால்?

காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையிலான நேர்த்தூரம் 60 கிலோமீற்றருக்கும் குறைவு என்பதால், நடுக்கடலில் எதிர்க்கரையின் கோபுரம் வலுவாகத் தெரிவது இயல்பு. ரோமிங் இயங்கியிருந்தால் கைபேசி கேளாமலே அதைப் பிடிக்கும். கட்டணம் உள்ளூர்ப் பொதியில் அன்றி ரோமிங் கணக்கில் ஏறும். டேட்டா ரோமிங்கை நிறுத்தி, வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்து வையுங்கள். ரோமிங் டேட்டா பொதுவாக உங்கள் சொந்த நிறுவனத்துக்குத் திரும்பி வந்தே வெளியே போகிறது. எனவே எதிர்ப்பக்கத்தவருக்கு இலங்கை முகவரியே தெரியும், குரலோ கொழும்பைச் சுற்றிப் பிந்தி வரும். அதேவேளை நீங்கள் எந்தக் கோபுரத்தோடு இணைந்தீர்கள் என்பது இரு நாட்டு நிறுவனங்களின் பதிவிலும் இருக்கும். எல்லைத் தகராறு எழும் கடற்பரப்பில் தொழில் செய்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

கைபேசி கடலில் விழுந்துவிட்டது. உள்ளே இருந்தவை என்னவாகும்?

உப்புத்தண்ணீருக்குள் போன கைபேசியை யாரும் எடுத்து வாசிக்கப்போவதில்லை. கவனம் இலக்கத்தின் மேல் இருக்கட்டும். அதே இலக்கத்துக்கு மாற்றுச் சிம் எடுத்து, புதிய கைபேசியில் வட்ஸ்அப்பைப் பதிந்தால் பழையது தானாக வெளியேறிவிடும். இருபடிச் சரிபார்ப்பு இலக்கத்தை முன்பே வைத்திருந்தால், இடையில் வேறொருவர் உங்கள் பெயரில் பதிந்து வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்பது கடினமாகும். பழைய உரையாடல்கள் கூகிள் காப்புப்பிரதியிலிருந்து திரும்பும். அந்தக் காப்புப்பிரதி தானாக முனைக்கு முனை மறையாக்கப்படுவதில்லை. 2021 முதல் கிடைக்கும் அத்தெரிவை நீங்களே இயக்க வேண்டும். இயக்கினால் கடவுச்சொல்லை வீட்டில் எழுதி வையுங்கள். அது மறந்துபோனால் வட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர இயலாது.